சைலன்சரின் சூடும் ஒரு சிறுவனின் கெண்டைக்காலும்

நீண்ட பதிவு. மொழியியல் நண்பர்களுக்கு இது வண்டிப் பதிவாகத் தோன்றும். வண்டி நண்பர்களுக்கு மொழியியல் பதிவாகத் தோன்றும். என் வாழ்வில் இவ்விரண்டும் ஒரே நாளில், ஒரே இடத்தில் மோதிக்கொண்டதால் பிரித்து எழுத இயலவில்லை.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் சிற்றூர்களில் வீட்டுக்குள் தமிழும் வாசலுக்கு வெளியே தெலுங்கும் பேசுவோரின் வழக்கைப் பதிவுசெய்வது என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இவ்வூர்களில் பல வட ஆற்காட்டைச் சேர்ந்தவை. 2022 ஏப்ரலில் அம்மாவட்டமும் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் இடம் மாறிக்கொண்டே இருந்தாலும் பேச்சு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை என்பதுதான் என் ஆய்வேட்டின் முதல் இயலின் சாரம். அதை இங்கே விரிக்கப் போவதில்லை.

இக்களத்திற்கு வண்டி இன்றியமையாதது. ஓர் ஊரில் காலை ஏழு மணிக்கு ஒரு மூதாட்டி பேச இசைவார். அடுத்தவர் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மாடு கறந்த பிறகு மாலையில்தான் உட்காருவார். இரண்டு ஊர்களையும் இணைக்கும் நேரான பேருந்து இராது. ஆகவே உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, நெடும்பயணத்திற்கென்று செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இப்பதிவுக்குத் தேவையில்லை. நான் சொல்லப்போகும் குறை ஒரு வண்டிக்கு மட்டும் உரியதன்று. பெரும்பங்கு என் மேலேயே விழுகிறது.

சித்திரை, வைகாசியில் திருப்பதி வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வழக்கம். பூதலப்பட்டிலிருந்து சந்திரகிரி வழியே திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஊருக்குள் நுழைந்து, சிக்னலில் நின்றதும், ரேடியேட்டரின் விசிறி சுழலத் தொடங்கும். தொடையிலும் முழங்காலின் உட்புறத்திலும் அனல் வந்து மோதும். பின்னே சித்தூர் பட்டறை ஒன்றில் கேட்டு, இஞ்சினிலிருந்து இறங்கும் குழாயின் மேல் வெப்பநாடா சுற்றிக்கொண்டேன். நாடாவை நீரில் ஊறவைத்து, இழுத்து இழுத்துச் சுற்றி, எஃகுப் பட்டைகளால் இறுக்கினார்கள். முதல் ஓட்டத்தில் புகை வந்தது. பிறகு அடங்கிவிட்டது. என் வலக்காலுக்கு உண்மையாகவே சுகம். அன்று மாலையே அதைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பி மகிழ்ந்தேன்.

அதே பட்டறையில்தான் ஒலிப்பதிவுக் கருவிகளை வைக்கப் பெட்டியும் பொருத்தினேன். இரண்டு பக்கமும் வேண்டும் என்றேன். பட்டறைக்காரர், “வலப்பக்கம் வேண்டாம் சார், சைலன்சர் மேல் உட்காரும், பெட்டியின் அடி உருகிவிடும்” என்று இடப்பக்கம் மட்டும் மாட்டிக் கொடுத்தார். நல்ல யோசனை என்று நன்றி சொன்னேன். பெட்டி உருகும் என்றால் அங்கே தொங்கும் கால் என்னாகும் என்று அவரும் கேட்கவில்லை, மொழியியலில் முதுகலை முடித்த நானும் கேட்கவில்லை.

எனக்குத் தகவல் தருவோரில் ஒருவரை ஊரே அவ்வா என்று அழைக்கும், நானும் அப்படியே. அவர் பேரன் எட்டாம் வகுப்பு. பள்ளி விடுமுறையில் எனக்கு வழிகாட்டியாக வருவான்: எந்த வீட்டில் யார் என்ன உறவு, எந்த நாய் கடிக்கும், யாரிடம் அரசியல் பேசக்கூடாது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஒருநாள் சந்திரகிரியில் அவர்களுடைய உறவினர் வீட்டில் பதிவை முடித்தபின், “அண்ணா, வண்டியிலே மலைக்குப் போலாமா?” என்று கேட்டான். போனோம். அலிபிரிச் சோதனைச் சாவடியில் வண்டியை விட்டு இறங்கி உடைமைகளைக் காட்ட வேண்டும். நான் முன்னே இறங்கிப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். வழக்கமாகப் பின்னிருப்போர் இறங்கும் இடப்பக்கத்தை என் பெட்டி அடைத்திருந்தது. அவன் வலப்பக்கமாகக் காலைத் தேய்த்து இறங்கினான். அரைக்கால் சட்டை. கெண்டைக்கால் சதை சைலன்சரில் பட்டது.

அவன் கத்தவில்லை. சொல்லவும் இல்லை. காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, மலையேறி, இறங்கி, ஊர் வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வந்தான். இரவு அவ்வா காலுறையைக் கழற்றச் சொன்னபோதுதான் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்றதற்கு, “சொன்னா இனிமே கூட்டிட்டுப் போக மாட்டீங்கல்ல” என்றான்.

தீப்புண்ணைக் குழாய் நீரில் இருபது நிமிடம் காட்டுவதே முதல் உதவி. பட்டு மூன்று மணி நேரத்திற்குள் செய்தாலும் பயன் உண்டு என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. அந்த மூன்று மணி நேரத்தை அவன் மௌனம் தின்றுவிட்டது. பிறகு வீட்டில் பற்பசை தடவினார்கள், செய்யவே கூடாதது. மறுநாள் மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும்போது அவன் கத்தினான்.

சூடான பொருள் தோலை எவ்வளவு நேரத்தில் எரிக்கும் என்பதை 1947இலேயே அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் இருவர் அளந்து எழுதிவிட்டனர். 44 டிகிரியில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் தாங்கும் தோல், 60 டிகிரியில் ஐந்து நொடியும், 70 டிகிரியில் ஒரு நொடியுமே தாங்குகிறது. நெடுஞ்சாலையில் ஓடி வந்து நின்ற வண்டியின் சைலன்சர் இந்த எல்லைகளை எப்போதோ கடந்திருக்கும். இறங்கும்போது காலைத் தேய்க்கும் அந்த ஒரு கணமே போதும்.

இது அரிய விபத்தன்று. தாய்லாந்துக்குச் சுற்றுலா செல்வோர் வாடகை மோட்டார் சைக்கிளில் கெண்டைக்கால் சுட்டுக்கொண்டு திரும்புவது அத்தனை இயல்பாகிவிட்டதால் அத்தழும்புக்குத் ‘தாய்லாந்துப் பச்சை’ என்றே வேடிக்கைப் பெயர் உண்டு. கிரேக்கத்தில் 2005இல் வெளியான ஓர் ஆய்வு இதே காயத்தை ஆராய்ந்து, நீண்ட கால்சட்டையும் குழாயின் மேல் வெப்பம் தாங்கும் வெளிக்காப்பும் இருந்தால் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம் என்றது. நம் ஊரில் இதற்கு வேடிக்கைப் பெயர்கூட இல்லை. வலக்கெண்டைக்காலில் நீள்வட்டத் தழும்பு உள்ளவர்கள் இதை வாசிப்போரிலேயே சிலர் இருப்பீர்கள்.

இனி என் துறைக்கு வருகிறேன்.

அந்தப் பாகத்தை நாம் சைலன்சர் என்கிறோம். ஆங்கிலேயர் வழி வந்த சொல். ஒலியை அடக்குவது என்று பொருள். அமெரிக்கர் அதையே மஃப்ளர் என்பர். போர்த்தி மூடுவது என்று பொருள். மார்கழிக் காலையில் நம் தாத்தாக்கள் தலையில் சுற்றிக்கொள்ளும் மஃப்ளரும் அதுவே. தமிழில் கலைச்சொல் செய்தோர் ஒலியடக்கி என்றனர். புகைபோக்கி என்போரும் உண்டு. தெலுங்கில் புகைக்குழாயைப் பொக கொட்டம் என்பார்கள். ஒலி இருக்கிறது, புகை இருக்கிறது. வெப்பத்தை எந்தப் பெயரும் தொடவில்லை.

பெயரில் இல்லாதது கவனத்திலும் இல்லாமற்போகிறது என்று சொன்னால் மொழியியல் நண்பர்கள் உடனே புருவம் உயர்த்துவர் என அறிவேன். பெஞ்சமின் லீ வோர்ஃபின் பெயரைச் சொல்லி எத்தனை அபத்தங்கள் எழுதப்பட்டுள்ளன என்பதும் அறிவேன். ஆயினும் வோர்ஃப் தீக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் தீத்தடுப்பு ஆய்வாளராகப் பணியாற்றியவர் என்பதை நாம் தேர்வுக்குப் படித்து மறந்துவிடுகிறோம். அவர் 1939இல் எழுதிய கட்டுரையில் ‘காலி’ பெட்ரோல் பீப்பாய்கள் பற்றிய எடுத்துக்காட்டு எல்லோருக்கும் நினைவிருக்கும். பீப்பாய் காலி என்றதும் அருகே புகை பிடிக்கிறார்கள். உள்ளே ஆவி இருக்கிறது. அதே கட்டுரையில் இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. அதை நான் வகுப்பில் கேட்டதே இல்லை. மரத்தைக் காய்ச்சி வடிக்கும் ஆலை ஒன்றில் உலோகக் கொப்பரைகளின் மேல் வெப்பக்காப்பாக ஒரு பொருளைப் பூசியிருந்தனர். அதன் பெயர் ‘நூற்ற சுண்ணாம்புக்கல்’. கல் எரியாது அல்லவா? ஆகவே தீ படாமல் அதைக் காக்க எவரும் முயலவில்லை. கொப்பரையிலிருந்து வந்த அமில ஆவியால் அது மெல்ல மாறி, எரியக்கூடிய பொருளை உண்டாக்கியிருந்தது. ஒருநாள் தீ பட்டதும் ‘கல்’ கொழுந்துவிட்டு எரிந்தது.

வெப்பக்காப்பு, பெயர், தீ மூன்றும் ஒரே இடத்தில். என் குழாயில் சுற்றிய நாடாவின் பெயரில் டைட்டானியம் என்ற உலோகம் இருந்தது. அப்பெயர் தாங்கிய நாடாக்களில் சில, நொறுக்கி உருக்கிய எரிமலைப் பாறையிலிருந்து இழுத்த இழையால் ஆனவை என்பதைப் பின்னரே படித்தேன். நம் முன்னோர் அஸ்பெஸ்டாசுக்குக் கல்நார் என்று எவ்வளவு அழகாகப் பெயரிட்டனர் என்று வியந்திருக்கிறேன். பக்கத்துக் கடப்பை மாவட்டத்தின் புலிவெந்துலாப் பகுதியில் அது தோண்டப்பட்டும் வந்தது. பழைய பட்டறைகளில் இன்றும் கல்நார்க் கயிறு சுற்றித் தருகிறேன் என்பவர் இருக்கலாம். அதன் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பது அப்பெயரில் இல்லை. தயவுசெய்து வேண்டாம்.

வோர்ஃபுக்கு ஸ்டீவன் பிங்கர் 1994இல் சொன்ன மறுப்பு வலுவானதே: காலிப் பீப்பாய் காலியாகவே கண்ணுக்குத் தெரிகிறது, ஏமாற்றியது கண், மொழியன்று. சரி. சிறுவனைச் சுட்டதும் குழாய், சொல் அன்று. சைலன்சர் சுடும் என்பது அதை அப்பெயரால் அழைக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் வாதம் தனிமனிதர் அறிவைப் பற்றியதன்று. ஒரு சமூகம் எதைப் பற்றிச் சட்டம் செய்கிறது, எதைப் பற்றிச் சண்டையிடுகிறது, எதைத் தனிமனிதனின் கவனக்குறைவு என்று விட்டுவிடுகிறது என்பதைப் பற்றியது.

சட்டத்தைப் பாருங்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 120 சைலன்சருக்கு உரியது. ஒலியைக் குறைக்கும் கருவி என்பதே அங்கே அதன் இலக்கணம். ஒலி மிகுந்த சைலன்சர்களைக் கழற்றிக் குவித்து, ரோலர் ஏற்றி நசுக்கும் காவல்துறைப் படங்களைப் பல நகரங்களிலிருந்து பார்த்திருக்கிறோம். விதி 113 புகைக்குழாயின் இருப்பிடம் பற்றியது. எரிபொருள் குழாயிலிருந்து 35 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது. நெருப்பை நினைத்திருக்கிறார்கள்; பெட்ரோலை நினைத்திருக்கிறார்கள். அவ்விதியில் கால் இல்லை. விதி 123 இன்னும் சுவையானது: பின்னிருப்பவருக்குக் கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதியேனும் மறைக்கும் காப்பு ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது. சேலை சக்கரத்தில் சிக்கி எத்தனை பெண்கள் விழுந்திருப்பார்கள் என்ற அனுபவம் அந்தக் காப்புக்குள் இருக்கிறது. நம் ஊர் மக்கள் நம் ஊர் உடையில் எப்படி உட்காருகிறார்கள் என்பதைப் பார்த்து எழுதப்பட்ட விதி அது. ஆகவே ‘இதெல்லாம் சட்டத்தால் ஆகுமா?’ என்ற கேள்விக்கு விடை சட்டத்திலேயே இருக்கிறது. சேலைக்கு ஆகியது, கெண்டைக்காலுக்கும் ஆகும்.

வெப்பம் குறையப் போவதுமில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 நெறிகளை நிறைவேற்ற, புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிக் கலத்தின் வேலை கூடியிருக்கிறது. அக்கலம் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் வேலையே செய்யும். எனவே அதை இஞ்சினுக்கு நெருக்கமாக வைப்பார்கள். உள்ளே நச்சுவளி எரிவதால் அதுவும் தன் பங்குக்கு வெப்பம் தரும். நல்ல காற்றுக்காக நாம் கொடுக்கும் விலை அது. அதை நான் எதிர்க்கவில்லை. வினையூக்கியைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டி குளிரும் என்று அறிவுரை சொல்வோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் தொடையின் சுகத்துக்காக ஊரார் நுரையீரலைக் கேட்க எனக்கு உரிமையில்லை.

ஒரு சிறு கணக்கு. லிட்டருக்கு 30 கிலோமீட்டர் தரும் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு மணிக்கு இரண்டு லிட்டர் எரிகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது என்று கொண்டால், 6 கிலோவாட். குளியலறையில் இருக்கும் இரண்டு கிலோவாட் கீசர்கள் மூன்றைக் காலருகே கட்டிக்கொண்டு போகிறோம். ஓடும்போது காற்று அதை அள்ளிச் செல்கிறது. நின்றதும் காற்று நிற்கிறது. உலோகத்தில் தேங்கிய சூடு நிற்பதில்லை. எனவேதான் இறங்கும் தருணமே மிக ஆபத்தானது. சாலையில் ஓடும் வண்டியைக் கற்பனை செய்து அனலைக் கையாளும் வடிவமைப்பு, அலிபிரியில் வரிசையில் நின்று, ஆளை இறக்கி, மீண்டும் ஏற்றி, முதலிரண்டு கியரில் மலையேறும் வண்டியைக் கற்பனை செய்யத் தவறிவிடுகிறது. 1944இல் திருமலைக்கு முதல் மலைப்பாதை திறக்கப்பட்ட நாளிலிருந்து இஞ்சின்கள் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. இத்தனைக்கும் மோட்டார் சைக்கிள் எங்கோ குளிர்தேசத்தில் செய்யப்படும் பொருளன்று. திருப்பதி மாவட்டத்துச் சத்தியவேடு அருகிலேயே ஹீரோ நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. எல்லை தாண்டினால் ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு. செய்பவர்களும் இதே வெயிலில்தான் வீடு திரும்புகிறார்கள்.

அன்றிரவு அவ்வா வீட்டுத் திண்ணையில் என் பதிவுக் கருவி அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. பேரன் காலைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னது அதில் இருக்கிறது: “செக தூரத்திலே இருந்தே அடிக்கும் நாயனா, நீ வெலகிக்குவே. சூடு அப்படி இல்ல. தொட்டாத்தான் தெரியும், தெரிஞ்சப்ப தோலு போயிருக்கும்.” செக என்பது தெலுங்கு, தீயிலிருந்து வீசும் அனல். சூடு தமிழ். காற்றோட்டமின்றி உடல் வேகும் நிலைக்கு அவ்வா உக்கபோத என்பார். நாம் புழுக்கம் என்போம். என் ஆய்வேட்டுக்கு இது ஒரு சொற்கடன் தரவு. திரும்பத் திரும்பக் கேட்டபோது வேறொன்றும் புலப்பட்டது. இயற்பியல் பாடப்புத்தகம் வெப்பம் பரவும் வழிகள் மூன்று என்கிறது: கதிர்வீசல், சலனம், கடத்தல். அனல், வெக்கை, சூடு என்று நம் பேச்சு அவற்றைப் பெரும்பாலும் பிரித்தே வைத்திருக்கிறது. நான்தான் பட்டறையில் போய், “ஹீட் ஜாஸ்தியா இருக்கு” என்று ஒரே சொல்லில் கேட்டேன். ஒரே சொல்லுக்கு ஒரே மருந்து தந்தார்கள்.

மூன்றுக்கும் மருந்து வேறு. அனலுக்கு இடைவெளி விட்டு நிற்கும் தகடு போதும். குழாய்க்கும் காலுக்கும் நடுவே காற்று புகும்படி ஒரு தகடு நின்றால் கதிர்வீச்சால் கடக்கும் வெப்பம் ஏறத்தாழப் பாதியாகும். பளபளப்பான அலுமினியமானால் இன்னும் குறையும். அனல் எவ்வளவு விரைவாக ஏறும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: குழாயின் மேற்பரப்பு 200 டிகிரியிலிருந்து 300 டிகிரிக்குப் போனால் அது வீசும் வெப்பம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். விசிறி தள்ளும் வெக்கைக்குத் தகடு உதவாது. அதைக் காலைத் தாண்டி வெளியே திருப்பிவிடும் தடுப்பு வேண்டும். இவை இரண்டும் ஓட்டுநரின் தொல்லைகள். சூடு என்பது பெரும்பாலும் பின்னிருப்பவரின் காயம். அதற்குத் தேவை தொட முடியாதபடி மூடும் காப்பு. சைலன்சர் தொடங்கும் இடத்தில் ஒரு சாண் அளவுக்கு ஒப்புக்கு ஒட்டிய தகடு அன்று, பின்னிருப்பவரின் கெண்டைக்கால் எட்டும் நீளம் முழுவதும்.

என் நாடா என்ன செய்தது? இதைத்தான் எழுத மிகவும் தயங்கினேன். குழாயைச் சுற்றி மூடினால் அவ்விடத்தில் வெப்பம் வெளியே வருவது குறையும். குறைந்த வெப்பம் மறைந்துவிடுவதில்லை. புகைக்குள்ளேயே தங்கி, குழாய் வழியே பின்னே போகிறது. முன்னால் என் முழங்காலில் வீசியிருக்க வேண்டியதில் ஒரு பங்கு பின்னால் சைலன்சருக்குப் போய்ச் சேர்ந்தது. எவ்வளவு என்று அறிய அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றைக் கடன் வாங்கிப் பார்த்தேன். பளபளக்கும் எஃகின் மேல் அக்கருவி உண்மையைவிடக் குறைத்தே காட்டும் என்பதை அறிந்ததும் அந்த எண்களைக் கிழித்தெறிந்தேன். நாடா இல்லாவிட்டாலும் அந்தச் சைலன்சர் ஒரு சிறுவனைச் சுட்டிருக்கும், ஐயமில்லை. ஆனால் வெப்பத்தை நான் தீர்க்கவில்லை. என் காலிலிருந்து எடுத்து எனக்குப் பின்னால் இருந்தவன் காலுக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டுப் படமும் எடுத்து மகிழ்ந்தேன்.

நாடாவைக் கழற்றியபோது இன்னொன்றும் கண்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது குடித்த நீர் உலராமல் உள்ளேயே நின்று, குழாய் துருவேறிச் செதில் செதிலாக உரிந்தது. பந்தய வண்டிகளுக்கு நாடா பொருந்தலாம். மழையில் நிற்கும் ஆய்வு மாணவன் வண்டிக்கு என் பரிந்துரை இல்லை.

இப்போது வண்டியில் இடப்பக்கப் பெட்டி இல்லை. கருவிகள் என் முதுகுப்பையில். ஆள் ஏறும் நாளில் இடப்பக்கமே வாசல். நான் ‘இறங்கு’ என்று சொன்ன பிறகே இறங்க வேண்டும். நிறுத்தும்போது வலப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவேன், தெருக் குழந்தைகளுக்காக. பின்னே வருபவர் முழுக்கால் பருத்தி உடை அணிந்தால்தான் ஏற்றுவது. செயற்கை இழையானால் உருகித் தோலோடு ஒட்டிவிடும். சைலன்சரின் மேல் துளையிட்ட தகடு ஒன்றைப் பட்டறையில் செய்து, இடைவெளி விட்டுப் பொருத்தியிருக்கிறேன். வண்டியின் அழகு கெட்டுவிட்டது என்கிறார்கள். கெட்டிருக்கலாம்.

ஆனால் இவையெல்லாம் ஒரு வண்டிக்கு ஒருவன் செய்தவை. நான் புரட்டிய விளம்பர ஏடுகளில் குதிரைத்திறன் இருக்கிறது, இருக்கை உயரம் மில்லிமீட்டரில் இருக்கிறது, தொடுதிரையின் அளவு இருக்கிறது. பின்னிருப்பவர் கால் எட்டும் இடத்தில் மேற்பரப்பு எவ்வளவு சுடும் என்பதை ஒரு வரியில் போடுங்கள் என்று கேட்பது பெரிய கோரிக்கையன்று. சேலைக்காப்பைப் போலவே கால்காப்பையும் விதிக்குள் கொண்டுவாருங்கள் என்பதும் அப்படியே. இங்கே இயந்திரப் பொறியியல் மாணவர்கள் இருப்பீர்கள். திருப்பதியில் பல்கலைக்கழகங்களுக்கும் தொழில்நுட்பக் கழகங்களுக்கும் குறைவில்லை. அலிபிரியில் நாள்தோறும் நின்று இறங்கி ஏறும் வண்டிகளைவிடச் சிறந்த ஆய்வுக்களம் உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

களப்பணி செய்யும் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. அறநெறிக் குழுவின் படிவத்தை நிரப்பியபோது, தகவல் தருவோரின் ஒப்புதல், ஒலிக்கோப்பின் பாதுகாப்பு, பெயர் மறைப்பு என்று பதினொரு பக்கம் எழுதினேன். அவர்களை எந்த வண்டியில் ஏற்றுவாய், எந்தப் பக்கம் இறக்குவாய் என்று படிவம் கேட்கவில்லை; கேட்காததால் நானும் நினைக்கவில்லை. நாம் பதிவுசெய்யப் போகும் சொற்களைவிட அவற்றைச் சொல்பவர்களின் உடல் நம் பொறுப்பில் அதிக நேரம் இருக்கிறது. மேற்பார்வையாளர்களாக இருப்போர் அடுத்த மாணவரிடமேனும் இதைக் கேளுங்கள்.

இதை எழுதலாமா என்று அவ்வாவிடம் கேட்டேன். “எழுது நாயனா. அவன் பேரை மட்டும் போடாதே, பள்ளிக்கூடத்திலே கேலி பண்ணுவாங்க” என்றார். போடவில்லை. அவனிடமும் கேட்டேன். தகடு பொருத்திய சைலன்சரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இப்ப மலைக்குப் போலாமா அண்ணா?” என்றான். புண் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.